ஜமுனாவுக்கு நாங்கள் நடத்திய வளைகாப்பு

போன மாதம் பாலக்கரை மையத்திலிருந்து இரண்டு இளம் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் இருபத்தெட்டு வருடம் களப்பணியாளராக இருந்த மையம் அது. பிழைப்புத் தேடி வெளி மாநிலங்களிலிருந்து வந்து திருச்சியைச் சுற்றித் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு, முக்கியமாக அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, போலீஸ் ஸ்டேஷன் என்று எங்கே வழி புரியவில்லையோ அங்கே கூடப் போய் நிற்பதுதான் எங்கள் வேலை. வந்த பெண்கள் கையில் புதிதாக ஒரு செல்போன் இருந்தது. அதனிடம் தமிழில் பேசினால் அது இந்தியில் திருப்பிச் சொல்கிறது, ஒடியாவிலும் சொல்கிறது. பெருமையாகக் காட்டினார்கள். நான் "சாப்பிட்டீங்களா?" என்றேன். அது என்னவோ சொன்னது. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கும்.

"இது இல்லாம இத்தனை வருஷம் எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கேம்மா சமாளிச்சோம்?" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு அடக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உண்மையாகவே சமாளிக்காத ஒரு சமயம் உண்டு. அதை அவர்களிடம் வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

சமூகப்பணி படித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது உலகத்தைத் திருத்த ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன். பயிற்சிக் காலத்தில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு செங்கல் சூளைக் குடும்பத்தைப் பார்க்கப் போனோம். மூன்று பேர், மூன்று பை, மூன்று நோட்டு. எங்களைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். காலி செய்யச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்தி மூட்டையை அவிழ்க்க வைப்பதற்குள் பொழுது போய்விட்டது. என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் இயக்குநர் ஜெசிந்தா மேடம் அதற்காக என்னைத் திட்டவில்லை. அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. அதுதான் பயமே. மறுநாள் சுவரில் ஒரு புது விதி ஒட்டப்பட்டிருந்தது: ஒரு வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்களோ அதற்கு மேல் நம் ஆட்கள் உள்ளே போகக் கூடாது. ஏற்கெனவே இருந்த விதிகளுக்குக் கீழே இதையும் சேர்த்திருந்தார். செருப்பை வாசலில் விட வேண்டும். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நாமும் தரையில். கொடுத்ததைக் குடிக்க வேண்டும். நோட்டை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, பஸ் ஸ்டாப்புக்கு வந்துதான் எழுத வேண்டும். இதனால் எங்கள் எல்லோருடைய கையெழுத்தும் பஸ் வரும் அவசரத்தில் கெட்டுப்போனது.

எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. பக்கத்தை நான்காகப் பிரித்துக் கோடு போட வேண்டும். பார்த்தது, கேட்டது, யார் சொன்னது, அடுத்து என்ன. மூன்றாவது கட்டத்தில் 'குடும்பத்தினர்' என்று எழுதினால் தாள் திரும்பி வந்துவிடும்.

"குடும்பம் வாயைத் தொறந்து பேசுச்சா? பேசினா சொல்லு, நானும் வந்து கேக்குறேன்" என்பார்.

திங்கட்கிழமை காலையில் அறிக்கை படிப்பார். முன்னால் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று பிரித்து வைத்திருக்கும். ஒரு கடலையை உரிப்பார், வாயில் போடுவார், ஒரு பக்கம் திருப்புவார். எதிரில் நாங்கள் நிற்போம். கடலை வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றால் யாரோ மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். கடலை தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் மூச்சு விடலாம்.

இப்போது ஜமுனா விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது.

துவாக்குடியில் சிறு தொழிற்சாலைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசை முழுக்க ஒடிசாக்காரர்கள். அவர்களை ஊரிலிருந்து அழைத்து வந்து வேலைக்கு வைத்தவர் ஒரு மேஸ்திரி. அவரும் ஒடிசாக்காரர்தான், பதினைந்து வருடமாக இங்கே இருப்பவர். அவர் மனைவி பசந்தி. தமிழ் சீரியல் பார்த்துப் பார்த்து நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். அங்கே நாங்கள் பெண்கள் குழு ஒன்று தொடங்கியபோது தலைவியாக யாரைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை. பசந்தியைப் போட்டோம். நாங்கள் கேட்பதை அவள் ஒடியாவில் சொல்வாள், பெண்கள் சொல்வதைத் தமிழில் சொல்வாள். ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் வருகிறதா, வருகிறது. வீட்டில் தொல்லை உண்டா, இல்லை. மேஸ்திரி எப்படி, தங்கமானவர். இப்படிப்பட்ட குழு எனக்கு வேறு எங்கும் வாய்த்ததில்லை. மற்ற ஊழியர்களிடம் இதைச் சொல்லிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மேஸ்திரியின் மனைவி வாய் வழியாக மேஸ்திரியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது இருபத்தைந்து வருட அனுபவசாலியான எனக்கு உறைக்கவில்லை.

அந்த வரிசையில் கடைசி அறையில் ஜமுனாவும் அவள் கணவன் தீபக்கும் இருந்தார்கள். ஜமுனாவுக்கு வயது இருபத்து மூன்று. தீபக்கோடு வேலை செய்யும் பதினான்கு ஆண்களுக்கும் சேர்த்துச் சமைப்பது அவள் பொறுப்பு. அதற்காகத்தான் அவர்களுக்குத் தனி அறை. அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பசந்தி என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஜமுனா அம்மா வீட்டுக்குப் போறா. பிரசவம் அங்கதான் வச்சுக்கணும்னு ஆசைப்படுறா. ரயில் டிக்கெட் மட்டும் நீங்க பாத்துக் குடுங்க."

எனக்கு உருகிவிட்டது. நம் ஊரில் பிரசவம் என்றால் தாய் வீடுதானே! ஏழாம் மாதம், வளையல் போட்டு, பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது. என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். ஏதோ தூரத்து ஊர்ப் பெண்ணுக்கும் நம்மைப் போலவே ஆசை என்றதும், பார்த்தாயா, எல்லா ஊரும் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது. ஜங்ஷனில் வரிசையில் நின்று, சனிக்கிழமை வண்டிக்குக் கெஞ்சிக் கூத்தாடி கீழ் பெர்த் வாங்கினேன். சென்னை போய் வண்டி மாறி இரண்டு நாள் பயணம். அதோடு விட்டேனா என்றால் இல்லை. பெரிய கடை வீதிக்குப் போய் கண்ணாடி வளையல் வாங்கி, புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சாதம் செய்து, ஞாயிற்றுக்கிழமை குழுவின் அறையிலேயே வளைகாப்பும் நடத்திவிட்டேன். சந்தனம் பூசினோம், இரண்டு கை நிறைய வளையல் போட்டோம். ஜமுனா அழுதாள். கூட வந்திருந்த எங்கள் ஊழியர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். பசந்தி மட்டும் அழவில்லை, சாதத்தைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. மேடம் கடலை உரித்தபடி என் அறிக்கையைப் படித்தார். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கத்தில் கடலை நின்றது.

"ஜமுனா மகிழ்ச்சிக் கண்ணீர் வடித்தார்னு எழுதியிருக்க."

"ஆமாங்க மேடம்."

"மகிழ்ச்சின்னு யாரு சொன்னா?"

"பார்த்தாலே தெரிஞ்சுது மேடம்."

"அப்ப 'பார்த்தது'ல கண்ணீர்னு மட்டும் எழுது. தாய் வீட்டுக்குப் போக விரும்புறார்னு யாரு சொன்னா?"

"ஜமுனா... பசந்தி சொன்னாங்க மேடம்."

"பசந்தி யாரு?"

வாயைத் திறந்து 'குழுத் தலைவி' என்று சொல்லப் போனேன். சொல்வதற்குள் பசந்தி யார் என்பது எனக்கே கேட்டுவிட்டது. மேடம் கடலையைத் திரும்பப் பொட்டலத்தில் போட்டார். என் வேலைக் காலத்தில் அவர் கடலையைத் திரும்பப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை வண்டி. ஒடியா தெரிந்த, மேஸ்திரிக்கு வேண்டாத ஆள் ஒருவர் அதற்குள் வேண்டும். தன்னார்வலர் பதிவேட்டைப் புரட்டியபோது ஸ்ரீரங்கம் உத்தர வீதி வைதேகி மாமியின் பெயர் கிடைத்தது. அவர் கணவருக்கு ஒடிசாவின் ரூர்கேலாவில் வேலை. முப்பது வருடம் அங்கே குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பியவர். இரண்டு வருடம் முன்பே தானாக வந்து, "நேக்கு ஹிந்தியும் ஒடியாவும் நன்னா வரும். ஏதாவது கைங்கர்யம் இருந்தா சொல்லுங்கோ" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் பெயரைப் பதிந்துகொண்டு மரியாதையாக மறந்துவிட்டோம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மாமி எங்கே தகரக் கொட்டகைக்கு வரப்போகிறார் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். அவரையும் யாரும் கேட்கவில்லை.

அன்று மாலையே போனேன். மாமி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார்.

"புதன்கிழமை ஏகாதசி. தளிகை கிடையாது, நாள் பூரா நேக்கு ஓய்வுதான். கார்த்தால பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடறேன். சத்திரத்துல எத்தனை மணிக்கு நிக்கணும்?"

புதன்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து நின்றார். ஒன்பது கஜம், கையில் ஒரு வயர் கூடை, கூடையில் வீட்டுத் தண்ணீர். துவாக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னிடம் வழி முழுக்க ஜமுனாவைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "நீங்க சொல்லி நான் கேட்டுண்டா, அவ சொல்றது காதுல விழாது" என்றார். ஜெசிந்தா மேடம் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே அவருக்குச் சம்பளம் போட்டு வேலை கொடுத்திருப்பார்.

போனதும் பசந்தி எப்போதும் போல ஓடி வந்தாள். அவளை வெளியே நிறுத்தி வைப்பது என் பங்கு. அடுத்த மாதம் கண் முகாம் நடத்தப் போகிறோம், அறைக்கு எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், கூட வா என்று அழைத்துக்கொண்டு போனேன். ஒரு முறை எண்ணினேன். விட்டுப் போச்சு போலிருக்கு என்று இரண்டாம் முறை எண்ணினேன். மூன்றாம் முறை போனபோது ஒரு குழந்தை எங்களைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக் காட்டியது. முக்கால் மணி நேரம் ஓட்டினேன்.

திரும்பி வந்தபோது மாமி ஜமுனாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஜமுனா வீட்டு டம்ளரில் பாதி குடித்த கறுப்புத் தேநீர். கூடைக்குள் தண்ணீர் பாட்டில் திறக்கப்படாமல் இருந்தது. ஏகாதசியும் அதுவுமாக அவர் அந்த டம்ளரை வாயில் வைத்துக் குடித்திருந்தார். ஏதோ பெரிதாகக் கேட்டிருக்கிறார் என்று புரிந்தது.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"தாயார் ஆத்துக்குப் போறாள்னு சொன்னேளே, தாயாரே இல்லை. போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. அண்ணாவும் மன்னியும்தான். இது ரெண்டாவது பிரசவம். முதலாவது அங்கேதான். வலி எடுத்து மோட்டார் சைக்கிள்ல நடுவுல உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போயிருக்கா. பாதி வழியில பொறந்துடுத்து. பையன். ஒரு மணி நேரம் இருந்ததாம்."

மாமி கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, இங்கேயே பெத்துக்கறேன்னு அவ ஆம்படையான் கிட்ட அழுதிருக்கா. அவனுக்கும் அதான் இஷ்டம். குழந்தை பொறந்தா சமையல் யார் பண்றது, ரூமை வேற ஜோடிக்குத் தரணும், அனுப்பிடுன்னு மேஸ்திரி சொல்லிட்டானாம். உங்களண்ட சொல்லலாம்னு இருந்திருக்கா."

"அப்ப ஏன் மாமி சொல்லலை?"

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க வளையல் போட்டேள், சந்தனம் பூசினேள், டிக்கெட்டைக் கையில குடுத்தேள். அது என்ன சடங்குன்னு அவளுக்குத் தெரியாது. இவாளும் மேஸ்திரியோட சேர்ந்துண்டு நம்மளை அலங்காரம் பண்ணி அனுப்பறான்னு நினைச்சிண்டாளாம்."

திருவெறும்பூர் தாண்டும் வரை அழுதேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோதும் அழுதுகொண்டுதான் எடுத்தேன். மாமி என்னைத் தேற்றவில்லை. முதல் முறையாகத் தன் பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான்.

மறுநாள் ஜெசிந்தா மேடமே கிளம்பினார். நான் உடனே போய் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்றேன். "நீ எடுத்தப்பவும் அவளைக் கேக்கலை, ரத்து பண்றப்பவும் கேக்க மாட்டியா?" என்றார். முதலில் ஜமுனாவையும் தீபக்கையும் உட்கார வைத்து, மாமியை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். ஊருக்குப் போகலாம், இங்கேயே இருக்கலாம், எங்கள் மையத்துக்குப் பக்கத்தில் வந்து தங்கலாம், எது வேண்டும் என்று. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். மேடமும் மாமியும் இரண்டு பேர். என்னால் பிறந்த விதிப்படி நான் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். வெயிலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஜமுனா நெடுநேரம் பேசினாள். அவள் குரல் இவ்வளவு பெரியது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இங்கேயே, இதே அறையில், புருஷனோடு இருப்பேன் என்பதுதான் அவள் சொன்னது.

பிறகு மேடம் மேஸ்திரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவருக்கும் நீட்டினார். பத்து நிமிடம் பேச்சே இல்லை. மேஸ்திரிதான் தாங்காமல் தொடங்கினார்.

"மேடம், நம்ம ஊர்ல பிரசவம் அம்மா வீட்லதான்."

"அம்மா இருந்தாத்தானே அம்மா வீடு? ரெண்டு நாள் ரயில்ல வழியில ஏதாவது ஆச்சுன்னா, டிக்கெட் எடுத்துக் குடுத்த எங்க பிலோமினாவும் உள்ள போகணும், அனுப்பி வச்ச நீங்களும் உள்ள போகணும். இவளுக்கு அங்க பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்கும், எனக்குத்தான் கஷ்டம்."

மேஸ்திரி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என்னோடு சிறைக்குப் போவது அவருக்கு அவ்வளவு உவப்பாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினான்கு பேருக்கு யார் சமைப்பது என்றார். அதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். முதலில் பேசியது பசந்தி. புருஷனிடம் ஒடியாவில் ஏதோ சொன்னாள். மாமி எனக்கு மெதுவாகச் சொன்னார்: முறை வைத்துச் சமைக்கிறோம், முதல் வாரம் என்னுடையது என்கிறாள். மேஸ்திரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு கடலையை எடுத்துக்கொண்டார்.

அன்று கிளம்பும்போது பசந்தியிடம், "ஏன் பசந்தி இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன்.

"அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அங்க உக்காந்து மாத்திச் சொல்லிட்டு நான் எந்த வீட்டுக்குக்கா போறது?" என்றாள். அவளைத் தலைவியாக்கியதும் நான்தான். ஒரு வருடம் ஃபினாயில் தயாரிக்கக் கற்றுக் கொடுத்தும் குழுவாக ஆகாதவர்கள் அன்றைக்கு ஒரு சமையல் முறையில் குழுவாக ஆனார்கள். ஃபினாயில் என் யோசனை.

அதன் பிறகு புதன்கிழமை தோறும் மாமி துவாக்குடிக்குப் போனார், ஏகாதசி இல்லாவிட்டாலும். செவிலியரிடம் பேசுவதற்கும் ஆஸ்பத்திரியில் கேட்பதற்கும் ஜமுனாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வலி வந்தபோது ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. திருச்சி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வெளியே பெஞ்சில் மாமி பாசுரம், நான் ஜெபமாலை. தீபக் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பெண் குழந்தை. நல்ல எடை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியபோது அவன் வாங்கத் தெரியாமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் பிறப்புப் பதிவுக்கு ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததால் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"தாயார் பேரு?"

"ஜமுனா" என்றேன்.

"வயசு?"

"இருபத்தி மூணு."

"எத்தனாவது குழந்தை?"

ஜமுனா விழித்திருந்தாள். பாவம், பச்சை உடம்பு, அதை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "முதல்னே போட்டுக்குங்க மேடம்" என்றேன்.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, நீங்க சித்த பேசாம இருங்கோ. என்னைத்தானே கேக்கறா?"

சுத்தமான ஸ்ரீரங்கத்துத் தமிழ். வார்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜமுனா அந்த அம்மாவைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ரெண்டாவது. மொதல்ல பையன். ஒரு மணி நேரம் இருந்தான். இவ ரெண்டாவது."

அந்த அம்மா பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியை என் எதிரிலிருந்து எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா" என்றார்.